மூன்றாவது முறை கூப்பிட்டால் உட்காரலாம்

பகோங் என்கிற எங்கள் கடலோர ஊரில் மத்தியான வேளையில் சந்துக்குள் நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வாசலுக்கு வாசல் குரல் வரும்: "காவோன் தா!" எங்கள் பிசாயா பாஷையில் வாங்க சாப்பிடலாம் என்று அர்த்தம். சொந்தக்காரன், தபால்காரன், நேற்று நம்மோடு சண்டை போட்டவன், யாராக இருந்தாலும் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிடாமல் தின்ற சோறு உடம்பில் ஒட்டாது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கூப்பிடப்பட்டவரும் வாயை மூடிக்கொண்டு போய்விடக் கூடாது. வயிற்றைத் தடவி, "வயிறு நெறஞ்சிருக்கு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். பசியில் காது அடைத்துப் போய் வருகிறவனும் அப்படித்தான் சொல்வான். கூப்பிட்டவர் மனசும் குளிர்ந்தது, பானைச் சோறும் தப்பித்தது.

இந்தச் சின்ன விஷயத்தைத்தான் மெரென் டீச்சர் தன் வகுப்பில் சொல்லிக்கொடுக்க மறந்துபோனாள். பிறந்ததிலிருந்து மூச்சு விடுகிற மாதிரி செய்துவருவதை யாராவது பாடமாக நினைப்பார்களா? வினை அங்கேதான் வந்தது.

அவளுடைய முழுப்பெயர் எமெரென்சியானா பார்தோசா. அவ்வளவு நீளப் பெயரை ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரைத் தவிர வேறு யாரும் முழுசாகச் சொன்னதில்லை. இளவயதில் ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பன்னிரண்டு வருஷம். திரும்பி வந்து அப்பாவின் இடத்தில் மாடிவீடு கட்டினாள். கல்யாணம் கேட்டு வந்த இரண்டு பேரையும், "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தாள். எங்கள் ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம். பிறகு மாடி அறையில் ஒரு வட்ட மேசை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை போட்டு, கேட்டில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள்: வெளிநாட்டவருக்கு பிசாயா மொழி, சிறு குழு வகுப்பு.

சந்தே சிரித்தது. எதிர்வீட்டு குலாஸ் அண்ணன் பெடிகேப் ஓட்டுகிறவர். மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் கூண்டு கட்டிய வண்டி. கூண்டுக்குள் ஆள் ஏற்றினால் இறங்கும்வரை பேச்சை நிறுத்தமாட்டார். அவர் அட்டையைப் படித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம பேச்சுக்குக் காசா? நான் சபினாகிட்ட இருபது வருஷமா பேச்சு வாங்கிட்டிருக்கேன், எனக்கில்லே யாராவது காசு குடுக்கணும்!"

சபினா அக்கா அவர் பெண்டாட்டி. மீன்காரர் வீட்டில் பிறந்தவள், பெருத்த குரல், அதைவிடப் பெரிய மனசு. சந்துப் பக்கம் பார்த்த கொட்டகையில்தான் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. தினமும் மத்தியானம் தட்டு வைத்ததும் அவள் அண்ணாந்து மெரெனுடைய மாடி ஜன்னலைப் பார்த்து, "மெரென், சாப்பிட வா!" என்று ஒரு சத்தம் போடுவாள். "வயிறு நெறஞ்சிருக்குக்கா!" என்று மேலிருந்து பதில் போகும். போன கையோடு மெரென் அடுப்படிக்குப் போய், தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள். ஹாங்காங் பழக்கம் அது. அங்கே வேலை பார்த்த வீட்டு அடுப்படியில் உட்கார இடமில்லை. வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், சம்பளம் தேதி தவறாது, குளிருக்குக் கம்பளிச்சட்டைகூட வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் வா, வந்து உட்கார் என்று ஒருநாள் சொல்லவில்லை. இப்போது சொந்த வீடு, சொந்த மேசை. ஆனாலும் காலுக்கு உட்காரத் தெரியவில்லை.

அந்த வருஷம் மார்ச்சில் மூன்று பேர் சேர்ந்தார்கள். பக்கத்து டவுன் டுமகெட்டேயில் நூடுல்ஸ் கடை வைத்திருந்த கொரியாக்கார ஓக்ஜா அம்மாள் ஒருத்தி. கடைப் பெண்கள் தன் முதுகுக்குப் பின்னால் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இன்னொருவன் பாஸ்தியன் என்ற பிரெஞ்சுப் பையன். கடலில் முங்கக் கற்றுக்கொடுக்கிற வேலை, கூடவே ஒரு உள்ளூர்ப் பெண்மேல் காதல். மூன்றாவது ஆள் பென்ட்டி. பின்லாந்துக்காரர், பனிக்கட்டியை உடைத்துப் போகிற கப்பலில் இன்ஜின் பார்த்து ஓய்வுபெற்றவர். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். பேச்சு மட்டும் அளந்து அளந்துதான் வரும்.

எதற்காகச் சேர்ந்தீர்கள் என்று மெரென் முதல்நாள் கேட்டபோது, அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "இங்க எல்லாரும் என்கிட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசுறாங்க. சிரிக்கிறாங்க. அதோட முடிஞ்சுபோயிடுது. மழைக்காலம் தொடங்குற வரைக்கும் பாக்கப் போறேன். அதுக்குள்ள ஒரு வீட்டுலயாவது உட்கார்ந்து பேச முடிஞ்சா இங்கேயே இருந்துடுவேன். இல்லேன்னா ஊருக்குத் திரும்பிடுவேன். அங்கயும் தனிதான். ஆனா அந்தத் தனி எனக்குப் பழகினது."

"இருப்பீங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டு, மெரென் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று வகுப்பு முடிந்து மூவரும் கீழே இறங்கினார்கள். சபினா அக்கா வீட்டில் அப்போதுதான் தட்டு வைத்திருந்தது. "காவோன் தா!" என்று தட்டைக் காட்டினாள் அக்கா. ஓக்ஜா அம்மாள் இடுப்பு வரை குனிந்து கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பாஸ்தியன் கையை ஆட்டினான். பென்ட்டி நின்றார். யோசித்தார். நன்றி என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவைத்து, வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று பிள்ளைகளும் அம்மா முகத்தைப் பார்த்தன. மீன் ஆளுக்கு ஒன்றாகத்தான் பொரித்திருந்தது. சபினா அக்கா அசரவில்லை. தன் மீனைத் தூக்கி விருந்தாளி தட்டில் வைத்துவிட்டு, "எனக்கு மீனே ஆகாது" என்றாள். மீன்காரர் மகள்! குலாஸ் அண்ணனுக்குப் புரையேறியது.

பென்ட்டி மக்காச்சோள நொய்ச்சோற்றில் முருங்கைக்கீரைச் சாற்றை ஊற்றி நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கும்போது, "அடுத்த தடவை நான் ஏதாவது கொண்டுவரட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தானே? அதையும் நம்பினார் மனிதர்.

செவ்வாய், வியாழன், சனி வகுப்பு. செவ்வாய், வியாழன், சனி சாப்பாடு. கூப்பிடாமல் இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொட்டகைக்கு முன்னால் ஒரு மனிதன் நடந்து போகும்போது கூப்பிடாமல் சோற்றைத் தின்பதா? அப்படி ஒரு காரியத்தைச் சபினா அக்காவின் பரம்பரையில் யாரும் செய்ததில்லை. நாலாவது வாரம் அவள் மெரென் வீட்டுப் படியேறி வந்தாள். வந்தவள் நேரடியாக விஷயத்துக்கு வருவாளா?

"உன் ஸ்டூடண்ட் நல்ல மனுஷன்டி, மெரென்."

"ஆமாக்கா."

"நல்லா சாப்பிடுறாரு. பெரிய உடம்பில்லே. பாவம், வேணும்தானே."

"ஆமாக்கா."

"அரிசி விக்கிற விலையைப் பாத்தியா? சோளம்கூட ஏறிப்போச்சு." இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகத் தன் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, நான் வரேன். சும்மாதான் வந்தேன்."

சும்மா வந்தேன் என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் வீட்டில் தீப்பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மெரெனுக்கு அப்போதுதான் தலையில் குட்டு விழுந்தது. தப்பு தன்னுடையது. காசு வாங்கிக்கொண்டு பாஷை சொல்லிக்கொடுக்கிறவள், அந்த மனிதரை ஒரு வீட்டுச் சோற்றில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எப்படிச் சொல்வது? ஒரு மேசையிலிருந்து ஒரு மனிதரை எழுப்புவதா? அதுவும் அவளா? பன்னிரண்டு வருஷம் ஒரு மேசையில் உட்காரச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினவளுக்கு, அந்த வாக்கியத்தை நாக்கில் வைத்துப் பார்க்கும்போதே கசந்தது. ஜாடையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று தீர்மானித்தாள். எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற மடத்தனம் அதுதான்.

முதலில், "வயிறு நெறஞ்சிருக்கு" என்பதையே ஒருநாள் பாடமாக வைத்தாள். மூன்று பேரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பென்ட்டி வயிற்றைத் தடவுவதைக்கூட அழகாகப் பழகிக்கொண்டார். கீழே போய், இரண்டு தட்டு சோறு சாப்பிட்டு முடித்து, வயிற்றைத் தடவி, "வயிறு நெறஞ்சிருக்கு" என்றார். கொட்டகையே கைதட்டியது. "பேசுறாருடி!" என்று குலாஸ் அண்ணன் குதித்தார்.

அடுத்ததாக, வகுப்பை முக்கால் மணிநேரம் இழுத்தடித்தாள். அதற்குள் கீழே சாப்பிட்டு முடித்திருப்பார்கள், கூப்பிடத் தேவையே இருக்காது என்று கணக்கு. அன்று சாயங்காலம் சபினா அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"என்னடி இவ்வளவு நேரம் வகுப்பு? பிள்ளைங்க பசியில சுருண்டுபோச்சுங்க!"

"நீங்க சாப்பிட்டிருக்க வேண்டியதுதானேக்கா?"

"நல்லாயிருக்கே நீ சொல்றது! அவர் வர்றதுக்கு முன்னாடி நாங்க எப்படிச் சாப்பிடுறது? மனுஷன் என்ன நெனைப்பாரு?"

"அப்ப நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"நானா? எனக்கு எதுக்குடி அந்தப் பாவம்? டீச்சர் நீயா நானா?"

பூனைக்கு மணி கட்டுகிற வேலை கடைசியில் மெரென் தலையிலேயே விழுந்தது. மே கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மற்ற இருவரும் இறங்கிப் போனபிறகு, பென்ட்டியை மட்டும் இருக்கச் சொன்னாள். சொன்னாள். எப்படியோ சொல்லி முடித்தாள். காலை வணக்கம் மாதிரிதான் அது, மரியாதைக்குக் கூப்பிடுவோம், மரியாதைக்கு மறுக்க வேண்டும், அவ்வளவுதான், தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது.

பென்ட்டியின் முகம் சட்டைக்காலரிலிருந்து காது நுனி வரை சிவந்துபோனது.

"ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்னு சொன்னாங்களே. அதுவும்?"

"அதுவும்தான்."

"அந்தம்மாவுக்கு மீன் ஆகாதுன்னு..."

மெரென் தலைகுனிந்துகொண்டாள். அவர் எழுந்து நின்றார். "எங்க ஊர்ல மனசுல இல்லேன்னா வாயில வராது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. சந்து வழியாகப் போகாமல், பின்பக்க வாழைத்தோப்புக்குள் குனிந்து குனிந்து நடந்து போனார். மெரென் அன்று அடுப்படியில் தட்டை எடுத்தாள், வைத்தாள்.

ஆனால் சனிக்கிழமை சரியாக வகுப்புக்கு வந்துவிட்டார். காசு கட்டின வகுப்பை விடுகிற ஆள் இல்லை. முடிந்ததும் சந்து வழியாகவே போனார்.

"காவோன் தா!" என்றாள் சபினா அக்கா.

பென்ட்டி நின்றார். வயிற்றைத் தடவினார். "வயிறு நெறஞ்சிருக்கு. நீங்க சாப்பிடுங்க" என்றார். உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவன்கூட அத்தனை பொருத்தமாக மறுக்கமாட்டான். தலையசைத்துவிட்டு நடந்தார்.

மேலே ஜன்னலில் நின்ற டீச்சர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கீழே பார்த்தாள். சபினா அக்காவின் கரண்டி பானைக்கு மேலே அப்படியே நின்றது. பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெரிய நீல எனாமல் தட்டு. அந்த வீட்டில் அப்படி ஒரு தட்டை மெரென் பார்த்ததே இல்லை. அந்த ஓரத்தில் பெஞ்சுக்கு அடியில் புதுசாக ஒரு மரக்கட்டையும் முட்டுக் கொடுத்து ஆணி அடித்திருந்தது. பென்ட்டியின் எடைக்காக குலாஸ் அண்ணன் அடித்தது. எப்போது அடித்தார்? யாரும் சொல்லவில்லையே!

அடுத்த வாரம் அப்படியே போனது. அவர்கள் கூப்பிட, இவர் மறுக்க. வயிறு நெறஞ்சிருக்கு, நீங்க சாப்பிடுங்க. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வகுப்பில் பென்ட்டி, "இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு பாக்கிறேன், டீச்சர். டிக்கெட் விசாரிச்சிட்டிருக்கேன்" என்றார். ஓக்ஜா அம்மாளும் பாஸ்தியனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெரெனுக்குத் தன்னையே இரண்டு அறை அறையலாம் போலிருந்தது.

அன்றைக்கே சபினா அக்கா வந்தாள். இந்தத் தடவை சும்மா வரவில்லை.

"அந்த மனுஷனுக்கு என்னடி சொல்லிக்குடுத்தே?"

"நீங்கதானேக்கா வந்து குறை சொன்னீங்க!"

"குறையா? நானா? எப்ப? அரிசி விலை ஏறிப்போச்சுன்னு சொன்னேன். ஒரு பொம்பளை அரிசி விலையைப் பத்திப் பேசக் கூடாதா?" அக்காவுக்கு மூக்கு சிவந்தது. "மொதல்ல கஷ்டமாத்தான்டி இருந்துச்சு, இல்லேங்கல. அப்புறம் பழகிப்போச்சு. இப்ப வேணும்னே ரெண்டு பிடி கூட வேக வைக்கிறேன், அது மிஞ்சிப்போகுது. மிஞ்சின சோத்தைப் பாத்தா எரிச்சல் வருது. குலாஸைப் பாரு, வாயே திறக்கமாட்டேங்கிறாரு. எங்க வீட்டுல அவர் பேசினா பூனைகூடக் கேக்காது. அந்த மனுஷன்தான் புரிஞ்சாலும் புரியாட்டியும் கண்ணை எடுக்காம கேட்டுட்டிருப்பாரு. சுறாவைக் கையால பிடிச்ச கதையை குலாஸ் பாதியில நிறுத்தி வச்சிருக்காரு, மிச்சம் சொல்ல ஆளில்லே!"

"அக்கா, அவர் ஊருக்குப் போகப் போறாரு."

சபினா அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எதுக்கு?"

"ஒரு வீட்டுலயாவது உட்கார்ந்து பேசணும்னு வந்தவர்க்கா. உங்க வீடு கெடைச்சுதுன்னு நெனைச்சிட்டிருந்தாரு. நான்தான் கெடுத்தேன். வேணும்னா உண்மையாவே கூப்பிடுறேன்னு சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? வா சாப்பிடலாம்னுதான் சொல்றேன். அதுக்கு மேல அதுல என்ன வார்த்தை இருக்கு? கையைப் பிடிச்சு இழுக்கவா முடியும்? ஊர் என்ன பேசும்?" புலம்பிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பென்ட்டி காலையில் ஒரு சின்ன ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தார். அது என்னவென்று மெரென் கேட்கவில்லை. மனசு முழுக்கத் தான் சொல்லப்போவதிலேயே இருந்தது. அன்று பலகையில் எதையும் எழுதவில்லை. தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

"ஹாங்காங்ல நான் இருந்த வீட்டுல யாரும் பொய் சொல்லமாட்டாங்க" என்று ஆரம்பித்தாள். "மனசுல இல்லாததை வாயில வரவிடமாட்டாங்க, மிஸ்டர் பென்ட்டி சொன்ன மாதிரி. என்னை மேசைக்குக் கூப்பிடணும்னு அவங்களுக்குத் தோணல, அதனால கூப்பிடல. நேர்மையானவங்கதான். ஆனா ஒரு தடவையாவது சும்மா, வாய்வார்த்தைக்காவது கூப்பிட்டிருக்கலாம். நான் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். சொல்லிட்டு, அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். எங்க ஊர்ல கூப்பிடுறது பொய் இல்லே. கதவை ஒருக்களிச்சு வைக்கிறோம், அவ்வளவுதான். உள்ள வரணுமா வேண்டாமான்னு ரெண்டு பக்கமும் கொஞ்சம் பாத்துக்கணும்."

"எப்படிப் பாக்கிறது?" என்று கேட்டான் பாஸ்தியன். காதலியின் வீட்டு ஞாபகம் அவனுக்கு.

"மொதல் தடவை கூப்பிட்டா மறுக்கணும். ரெண்டாவது தடவை கூப்பிட்டாலும் மறுக்கணும். மூணாவது தடவை கூப்பிட்டா உட்காரலாம். அது நிஜம். எழுந்து வந்து கூப்பிட்டா ரொம்ப நிஜம்."

"மூணாவது தடவை கூப்பிடலேன்னா?" பென்ட்டி கேட்டார்.

மெரென் அவருக்குப் பொய் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்."

அவர் மெல்லத் தலையாட்டினார்.

வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக இறங்கினார். மெரென் ஜன்னலுக்கு ஓடினாள். வெட்கம் என்ன வேண்டியிருக்கிறது, ஓக்ஜா அம்மாளும் பாஸ்தியனும்கூடப் போகாமல் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். கீழே பென்ட்டி கொட்டகையைப் பார்த்தபடி, முதுகை இவர்களுக்குக் காட்டிக்கொண்டு நடந்தார். கொட்டகையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று மேலிருந்து தெரிந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தைப் பிடித்திருந்தார். அதிலிருந்து சூரைமீன் வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் தண்ணீர் அவர் குதிகாலில் சொட்டியது. சந்துப் பூனை ஒன்று பின்னாலேயே போனது.

மெரென் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மனிதர் பாடம் கேட்பதற்கு முன்னாலேயே மீன் வாங்கிவைத்துவிட்டு அல்லவா வந்திருக்கிறார்!

"காவோன் தா!" சபினா அக்காவின் குரலில் பழைய பலம் இல்லை.

"வயிறு நெறஞ்சிருக்கு. நீங்க சாப்பிடுங்க." ஆனால் கால் நகரவில்லை.

கொட்டகையில் ஒரு அசைவு. குலாஸ் அண்ணன் தொண்டையைச் செருமினார். "கொஞ்சமா சாப்பிடுங்க, நோங்" என்றார். நோங் என்றால் அண்ணன். இதுவரை பென்ட்டியை எல்லாரும் எந்த வெள்ளைக்காரனையும் கூப்பிடுகிற மாதிரி ஜோ என்றுதான் கூப்பிட்டுவந்தார்கள்.

"இன்னொரு நாள் வரேன்" என்றார் பென்ட்டி.

இரண்டு முடிந்தது. சபினா அக்கா சோற்றுப்பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குலாஸ் அண்ணன் சபினா அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்ட்டி ஒரு எட்டு எடுத்துவைத்தார். கூப்பிடேன்டி, கூப்பிடு, கூப்பிட்டுத் தொலையேன் என்று மெரென் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். அவர் இன்னொரு எட்டு வைத்தார்.

தட் என்று பெஞ்சு நகர்ந்தது. சபினா அக்கா கரண்டியும் கையுமாக எழுந்து, கேட்டைத் திறந்து, சந்துக்கு நடுவில் வந்து அவருக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவர் மார்பு உயரம்கூட இல்லை அவள்.

"யாருக்குன்னு நெனைச்சு அவ்வளவு சோறு வடிச்சு வச்சிருக்கேன்? பன்னிக்குப் போடவா? எங்க வீட்டுல இப்ப பன்னிகூட இல்லே! உள்ள வாங்க, கீரை ஆறுது!"

எங்கள் சந்தில் இதைவிட அன்பாக யாரையும் யாரும் கூப்பிட்டதில்லை. பென்ட்டி முதுகுக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அய்யோ, இதெல்லாம் எதுக்கு? ஒண்ணும் வேண்டாம்!" என்றாள் அக்கா.

இந்தத் தடவை அவர் அதை நம்பவில்லை. அவள் கையில் மீனை வைத்து அழுத்திவிட்டு, குனிந்து உள்ளே போனார். "உங்களுக்கு மீன் ஆகும்னு எனக்குத் தெரியும்" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார். குலாஸ் அண்ணன் மேசையில் அடித்துச் சிரித்தார். நீலத் தட்டு வந்தது. பாதியில் நின்றுபோன சுறா கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

மெரென் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலை விட்டு நகரப் பார்த்தாள். கீழேயிருந்து சபினா அக்கா அண்ணாந்து, தினமும் போடுகிற சத்தத்தைப் போட்டாள்: "மெரென், சாப்பிட வா!"

"வயிறு நெறஞ்சிருக்குக்கா!" வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுப்படியில் நேற்றைய சாறு ஒரு கிண்ணம் இருந்தது. நின்றபடி இரண்டு வாய் சாப்பிட்டால் போதும்.

"வாம்மா மெரென், மீன் வெள்ளிக்கிழமைச் சந்தையில வர்ற மாதிரி புதுசா இருக்கு!" என்றார் குலாஸ் அண்ணன்.

"அப்புறமா வரேண்ணே!"

அப்போது பென்ட்டி பெஞ்சிலிருந்து எழுந்தார். கேட்டைத் திறந்துகொண்டு சந்துக்கு வந்து நின்று மேலே பார்த்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னார்: "டீச்சர். காவோன் தா. இது மூணாவது தடவை."

ஓக்ஜா அம்மாளும் பாஸ்தியனும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் விலகி அவளுக்கு வழி விட்டார்கள்.

மெரென் படியிறங்கிப் போனாள். முட்டுக் கொடுத்த ஓரத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டிருந்தன. முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் குலாஸ் அண்ணனின் சுறா கதையில் இருந்தார்கள். சபினா அக்கா ஒரு கரண்டி சாற்றை அவள் தட்டில் ஊற்றினாள். சாற்றில் உப்பு கொஞ்சம் குறைவுதான். மெரென் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.